அடியுரக் கணக்கில் தொடங்கிய படிப்பு

மன்னார்குடிப் பக்கம், பாமணி ஆற்றுப் பாசனத்தில் ஒன்பது மா நிலம் வைத்திருக்கிற குடும்பம் அது. ஏக்கர் கணக்கில் சொன்னால் மூன்று. மேட்டூரில் தண்ணீர் இருக்கிற வருஷம் குறுவையும் உண்டு. இல்லாத வருஷம் சம்பா மட்டும். இரண்டு கறவை மாடு, ஒரு பழைய மோட்டார் சைக்கிள், அம்மா கழுத்தில் நாலு பவுனில் ஒரு சங்கிலி. இவைதான் சொத்து.

அந்தச் சங்கிலி வருஷத்தில் பாதி நாள் அம்மா கழுத்தில் இருக்காது. ஆடியில் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகும். தையில் அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வங்கிக் கணக்கில் ஏறியதும் திரும்பி வரும். உழவு கூலி, நடவு கூலி, உரம் எல்லாமே அந்தச் சங்கிலியில் இருந்துதான்.

போன ஆடியில் அந்தச் சங்கிலிக்கு இன்னொரு வேலை வந்தது.

மூத்த மகள் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் கடைசி வருஷம். கையில் ஒரு நோட்டீசோடு வீட்டுக்கு வந்தாள். நகரத்தில் உள்ள ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி மையம். ஆறு மாதப் படிப்பு, கட்டணம் 80,000 ரூபாய். 'நூறு சதவிகிதம் வேலை உறுதி' என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தார்கள். மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்டினால் தள்ளுபடி.

"படிப்பு முடிஞ்சதும் ஐ.டி. வேலைன்னு சொல்றாங்கப்பா" என்றாள்.

அப்பா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். நோட்டீசை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அம்மா ஒன்றும் பேசவில்லை. கை மட்டும் கழுத்துச் சங்கிலிக்குப் போய்விட்டு வந்தது. சங்கிலி படிப்புக்குப் போனால் சம்பாவுக்கு வெளியில் வட்டிக்கு வாங்க வேண்டும். சம்பாவுக்குப் போனால் மகளின் படிப்பு நிற்கும். அன்றைக்கு ராத்திரி அந்த வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை.

ஆளுக்கு ஒரு மொழி

மறுநாள் அப்பா சென்னையில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டார். அவர் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருப்பவர். "ஜாவா படிக்கச் சொல்லுங்கண்ணே. எங்க ஆபீஸ்ல பசங்க எல்லாம் அதான்" என்றார். பக்கத்து வீட்டு டிப்ளமோ பையன், "பைத்தான்தான் அக்கா, இப்ப எல்லாமே அதுதான்" என்றான். கல்லூரித் தோழி, வெப்சைட் செய்யும் ஜாவாஸ்கிரிப்ட் படித்தால் வீட்டில் இருந்தே சம்பாதிக்கலாம் என்றாள். பயிற்சி மையத்தின் நோட்டீசோ எல்லா மொழியையும் ஒரே மூட்டையாகக் கட்டி விற்றது.

திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அப்பாயி, "இங்கிலீஷே இன்னும் ஒழுங்கா வரலை. இதுல இத்தனை பாஷையா?" என்றார். வீடே சிரித்தது. ஆனால் அப்பாவுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

"ஒரு மெஷின்கிட்ட வேலை வாங்க எதுக்கு இத்தனை மொழி பாப்பா?"

மகள் தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். கம்ப்யூட்டருக்குச் செய்ய வேண்டிய வேலையை வரிசையாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதிக் கொடுப்பதுதான் புரோகிராம். அதை எழுதும் முறைதான் மொழி. வேலைக்குத் தகுந்தபடி மொழிகள் பிறந்தன. 1964ல் அமெரிக்காவில் டார்ட்மவுத் கல்லூரியின் இரண்டு கணிதப் பேராசிரியர்கள், கெமெனியும் கர்ட்ஸும், விஞ்ஞானம் படிக்காத மாணவர்களும் கம்ப்யூட்டரைக் கையாள வேண்டும் என்று 'பேசிக்' என்ற மொழியைச் செய்தார்கள். 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்ச்சி செய்தது 'சி'. நெதர்லாந்துக்காரரான கைடோ வான் ரோஸம் 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் எழுதத் தொடங்கி, 1991ல் வெளியிட்டது 'பைத்தான்'. மலைப்பாம்பைப் பார்த்து வைத்த பெயர் இல்லை. அவருக்குப் பிடித்த ஒரு நகைச்சுவைத் தொடரின் பெயர். இணையப் பக்கங்களுக்கான ஜாவாஸ்கிரிப்ட் 1995ல் வந்தது.

"அப்ப சரி. களைக்கொத்தும் இரும்பு, மண்வெட்டியும் இரும்பு. வேலை வேற" என்றார் அப்பா. பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"இது வரைக்கும் நீ படிச்சதுல, முழுசா செஞ்சு முடிச்சது ஒண்ணு காட்டு."

மகளால் காட்ட முடியவில்லை. பதினொன்றாம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டில் பைத்தான். இரண்டும் பள்ளிப் பாடத்தில் இருந்தன. மதிப்பெண் வாங்கினாள், மறந்தாள். கல்லூரிக்கு வந்தபின் சித்தப்பா சொன்னதைக் கேட்டு ஜாவா வீடியோ பன்னிரண்டு பார்த்தாள். தோழி சொன்னாள் என்று அதை விட்டு ஜாவாஸ்கிரிப்ட். ஒவ்வொன்றிலும் முதல் நாலு பாடம் நன்றாகத் தெரியும். ஐந்தாவது பாடம் எதிலும் தெரியாது.

"நாலு தடவை நாத்து விட்டிருக்கே. ஒரு தடவையும் பறிச்சு நடலை" என்றார் அப்பா. திட்டவில்லை. ஆனால் அது மகளுக்குச் சுருக்கென்றது.

டி.ஏ.பி. பூஜ்யம்!

அந்த வாரம்தான் மண் பரிசோதனை முடிவு வந்தது. சம்பா நெல்லுக்கு ஏக்கருக்குத் தழைச்சத்து 60 கிலோ, மணிச்சத்து 20 கிலோ, சாம்பல்சத்து 20 கிலோ என்று சீட்டில் இருந்தது. சத்து இத்தனை கிலோ என்று சீட்டு சொல்லும். கடையில் சத்தா கிடைக்கிறது? மூட்டைதான் கிடைக்கிறது. வழக்கமாக அப்பா, போன வருஷம் போட்டதையே இந்த வருஷமும் போடுவார். இந்த முறை சீட்டை மகளிடம் கொடுத்தார்.

"கம்ப்யூட்டர் படிக்கிறேங்குறியே. இதுக்கு எத்தனை மூட்டை வேணும்னு அதுகிட்ட கேட்டுச் சொல்லு."

சித்தப்பா மகனுக்குப் பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப் ஒன்று வீட்டில் கிடந்தது. பேட்டரி போய்விட்டது; சார்ஜரைச் செருகினால் ஓடும். அதை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பள்ளியில் முதலில் படித்தது சி பிளஸ் பிளஸ் என்பதால் அதில் எழுதினாள்.

கணக்கு சின்னதுதான். யூரியாவில் 46 சதவிகிதம் தழைச்சத்து. டி.ஏ.பி.யில் 46 சதவிகிதம் மணிச்சத்து. பொட்டாஷில் 60 சதவிகிதம் சாம்பல்சத்து. வேண்டிய சத்தைச் சதவிகிதத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் உரத்தின் அளவு. எழுதி, ஓட்டினாள். விடை வந்தது: டி.ஏ.பி. 0, பொட்டாஷ் 0, யூரியா 100.

"அடியுரமே வேண்டாங்குதா?" என்றார் அப்பா.

மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தாள், கணக்கு சரி. புரோகிராமிலும் எழுத்துப் பிழை இல்லை. பழைய பாடப் புத்தகத்தை எடுத்துப் புரட்டியபோதுதான் புரிந்தது. அந்த மொழியில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் விடையும் முழு எண்ணாகவே வரும். பின்னம் உதிர்ந்துவிடும். பின்னம் வேண்டும் என்றால், இது பின்ன எண் என்று முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். அவள் சொல்லவில்லை.

அப்பாவுக்கு விளக்க முயன்றாள். அவர் பாதியிலேயே பிடித்துக்கொண்டார். "20 மூட்டையை 46 பேருக்கு, மூட்டையைப் பிரிக்காம கொடுன்னா ஆளுக்கு எத்தனை? ஒண்ணும் இல்லை. 60 மூட்டைன்னா ஆளுக்கு ஒண்ணு. அதைத்தானே நூறால பெருக்கிச் சொல்லுது? நீ பிரிக்கலாம்னு சொல்லலை, அது பிரிக்கலை."

மூன்று வருஷமாகப் புத்தகத்தில் இருந்த பாடம் அன்றைக்குத்தான் அவளுக்குப் பாடமானது. கம்ப்யூட்டர் நினைத்ததைச் செய்யாது, சொன்னதைச் செய்யும்.

தமிழில் எழுதிய நாலு வரி

அடுத்து அதையே பைத்தானில் எழுதினாள். பைத்தானில் ஒற்றைச் சாய்கோடு போட்டு வகுத்தால் பின்னத்தோடு விடை வரும். பழைய பைத்தானும் முழு எண் கணக்கில் பின்னத்தை விட்டுவிடும். 2008ல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் மாற்றினார்கள். மொழியும் மனிதர்கள் செய்தது, குறை கண்டால் திருத்துகிறார்கள் என்பதும் அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இன்னொன்றையும் கவனித்தாள். பைத்தான் மூன்றில் கணக்குக்கு வைக்கும் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே வைக்கலாம். மொழியின் கட்டளைச் சொற்கள் ஆங்கிலம்தான். ஆனால் எண்களுக்கு நாம் வைக்கும் பெயர் நம் இஷ்டம். விளையாட்டாக எழுதினாள்:

டிஏபி = மணிச்சத்து / 0.46
யூரியா = தழைச்சத்து / 0.46
பொட்டாஷ் = சாம்பல்சத்து / 0.60

விடை: ஏக்கருக்கு டி.ஏ.பி. 43.5 கிலோ, யூரியா 130.4 கிலோ, பொட்டாஷ் 33.3 கிலோ. இந்த முறை பூஜ்யம் இல்லை. மகள் சந்தோஷமாகக் கூப்பிட்டாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்த அப்பா, கையைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார். தமிழில் இருந்ததால் படிக்க முடிந்தது. இரண்டாவது வரியில் விரலை வைத்தார்.

"டி.ஏ.பி.யிலயும் தழைச்சத்து இருக்கே. அதைக் கழிக்கலையா?"

இருக்கிறது. 18 சதவிகிதம். 43.5 கிலோ டி.ஏ.பி. போட்டாலே கிட்டத்தட்ட 8 கிலோ தழைச்சத்து நிலத்துக்குப் போய்விடும். அதைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் யூரியா. மகள் வரியைத் திருத்தினாள்:

யூரியா = (தழைச்சத்து - டிஏபி * 0.18) / 0.46

130.4 கிலோ 113.4 கிலோ ஆனது. ஏக்கருக்கு 17 கிலோ குறைவு. மூன்று ஏக்கருக்கு 51 கிலோ. அதாவது ஒரு மூட்டைக்கும் மேல். பணம் மட்டும் இல்லை. தழைச்சத்து கூடினால் பயிர் கரும்பச்சையாகக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். அந்தப் பச்சையைத் தேடி இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பயிர் படுத்துவிடும்.

புரோகிராமில் தப்பு இல்லை. மொழியில் தப்பு இல்லை. கணக்கு எழுதியவருக்கு உரம் தெரியவில்லை, அவ்வளவுதான். எட்டாம் வகுப்பு படித்த அப்பா, பி.எஸ்சி. மகளின் புரோகிராமில் இருந்த பெரிய பிழையைக் கண்டுபிடித்தார். தமிழில் எழுதியிருந்ததால் கண்டுபிடிக்க முடிந்தது.

"முழுக்கவே தமிழ்ல எழுதுற மொழி இல்லையா?" என்று அம்மா கேட்டார். இருக்கிறது. 'எழில்' என்று ஒரு மொழியைத் தமிழர்களே செய்திருக்கிறார்கள். அச்சிடு என்பதற்குப் 'பதிப்பி', நிபந்தனைக்கு 'ஆனால்' என்று தமிழ்ச் சொற்களிலேயே கட்டளை எழுதலாம். ஆங்கிலத்தைப் பார்த்து மிரளும் பிள்ளைகள் புரோகிராம் என்றால் என்ன என்று பிடிபட அது உதவும். வேலைக்குப் போகும்போது வேறு மொழி வேண்டும். ஆனால் பயம் போவதும் ஒரு படிதான்.

தேவை வந்தது, பாடம் வந்தது

மறுநாள் இன்னொரு சிக்கல். மூன்று ஏக்கருக்கு யூரியா 7.56 மூட்டை என்று விடை வந்தது. யூரியா மூட்டை 45 கிலோ. கடையில் அரை மூட்டை தர மாட்டார்கள். மேல் எண்ணுக்கு முழுதாக்கும் கட்டளையைத் தேடிக் கற்றாள். எட்டு மூட்டை.

அதற்கடுத்த நாள் கடையில் டி.ஏ.பி. இல்லை. 20-20-0-13 காம்ப்ளக்ஸ்தான் இருந்தது. அதில் தழை 20, மணி 20 சதவிகிதம், கூடவே கந்தகம் 13. அப்படியானால் மணிச்சத்து 20 கிலோவுக்குக் காம்ப்ளக்ஸ் 100 கிலோ. அதிலேயே தழைச்சத்து 20 கிலோ வந்துவிடும். மீதி 40 கிலோவுக்கு யூரியா 87 கிலோ. 'இந்த உரம் என்றால் இப்படி, அந்த உரம் என்றால் அப்படி' என்று நிபந்தனை எழுதக் கற்றாள். பைத்தானில் நிபந்தனைக்குக் கீழே வரும் வரிகளைச் சற்று உள்ளே தள்ளி எழுத வேண்டும். எது எதோடு சேர்ந்தது என்பதை அந்த இடைவெளிதான் சொல்லும். வரப்பு தள்ளிப் போட்டால் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போகிற மாதிரி, ஒரு வரி நகர்ந்தால் கணக்கு வேறு பக்கம் போனது. இரண்டு மணி நேரம் தேடி அந்தப் பிழையைக் கண்டுபிடித்தாள்.

பெரியப்பா தன் வயல் சீட்டைக் கொண்டுவந்தார். பின்னாடியே தெருவில் இன்னும் நாலு பேர். ஒவ்வொருவருக்கும் எண்ணை மாற்றி மாற்றி எழுதுவதற்குப் பதில், ஒரு முறை எழுதியதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வேலை வாங்கும் முறையைக் கற்றாள். அதைத்தான் 'ஃபங்ஷன்' என்று பாடத்தில் மனப்பாடம் செய்திருந்தாள். எல்லோர் கணக்கையும் வரிசையாகப் போட, திரும்பத் திரும்பச் செய்யும் 'லூப்'. ஒரு நாள் கரண்ட் போய் லேப்டாப் அணைந்து, சேமிக்காத வேலை எல்லாம் போனது. அழுதாள். அடுத்த நாள் திரும்ப எழுதினாள். முதலில் மூன்று நாள் ஆனது, இந்த முறை ஒரு மணி நேரம். அன்று முதல் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சேமிக்கும் பழக்கம் வந்தது.

பக்கத்து வீட்டுப் பையன் ஒரு நாள் போனோடு வந்தான். "ஏஐகிட்ட கேட்டா ஒரு நிமிஷத்துல எழுதிக் கொடுக்குதுக்கா. எதுக்குக் கஷ்டப்படுறே?" எழுதித்தான் கொடுத்தது. டி.ஏ.பி.யின் தழைச்சத்தைக்கூடச் சரியாகக் கழித்திருந்தது. ஆனால் யூரியா மூட்டையை 50 கிலோ என்று வைத்திருந்தது. மகள் அதைப் பார்த்ததும் சொன்னாள். அவனுக்குத் தெரியவில்லை. எழுதித் தருகிற உதவி இன்று எளிதில் கிடைக்கிறது. எழுதித் தந்தது சரியா என்று பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் அது உதவி.

எழுத்தில் கேட்ட நாலு கேள்வி

இதற்குள் பயிற்சி மையத்தின் 'கடைசித் தேதி' மூன்று தடவை தள்ளிப் போயிருந்தது. ஒரு நாள் அப்பாவும் மகளும் பஸ் ஏறி நேரிலேயே போனார்கள். வெள்ளைச் சட்டையோடு போன அப்பா, விதை வாங்கப் போகிற இடத்தில் கேட்பது போலவே கேட்டார்.

வேலை உறுதி என்பதை ஒப்பந்தமாக எழுத்தில் தருவீர்களா? படிப்பை முடிக்கும்போது பிள்ளை தன் கையால் செய்தது என்று எதைக் காட்ட முடியும்? இடையில் நின்றால் எவ்வளவு பணம் திரும்பும்? போன முறை முடித்தவர்களில் இரண்டு பேரிடம் பேசலாமா?

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் நாலில் ஒன்றுக்கும் நேர் பதில் வரவில்லை. 'வேலை உறுதி' என்பது 'வேலைக்கு உதவி' என்று மாறியது. முதல் மூன்று மாதம் என்ன நடத்துவீர்கள் என்று மகள் கேட்டாள். பாடத்திட்டத் தாளை நீட்டினார்கள். முதல் ஆறு வாரம் அவள் இரண்டு மாதத்தில் வீட்டிலேயே கற்றதுதான்: நிபந்தனை, லூப், ஃபங்ஷன், கோப்பில் சேமிப்பது.

நல்ல பயிற்சி மையங்கள் இல்லாமல் இல்லை. தவறாமல் சொல்லிக் கொடுத்து, கேள்விக்குப் பதில் சொல்லும் ஆசிரியர் கிடைத்தால் அதற்குக் காசு கொடுக்கலாம். ஆனால் முதல் படியில் நிற்கிற பிள்ளைக்கு, பிடிக்குமா பிடிக்காதா என்றே தெரியாத நேரத்தில், சாகுபடிப் பணத்தைக் கொட்டுவது நிலத்தைப் பார்க்காமல் விதை வாங்குவது போல. பைத்தான் இலவசம். பள்ளிப் பாடப் புத்தகம் தமிழிலேயே இருக்கிறது. அரசின் இணையதளத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். லேப்டாப் இல்லாவிட்டால், போனிலேயே பைத்தானை ஓட்டும் இலவசச் செயலிகள் உண்டு. முதல் மூன்று மாதத்துக்கு இவை போதும்.

திரும்பி வரும் பஸ்சில் அப்பா, "உனக்கு வருத்தமா பாப்பா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. முதல்ல இருந்தது. இப்ப இல்லை."

சங்கிலி வழக்கம்போல் சம்பாவுக்குப் போனது.

முதல் மொழி எது?

இப்போது அந்தத் தெருவில் பிள்ளைகள் மகளிடம்தான் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். அவள் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள்.

எதற்கென்று இன்னும் தெரியாது, தொடங்க வேண்டும் என்றால் பைத்தான். எழுத வேண்டியது குறைவு. கணக்கு, புள்ளிவிவரம், தினசரி வேலைகளுக்கு உதவும். மண் ஈரம் பார்க்கும் கருவி, மோட்டாரை நிறுத்தும் கருவி என்று கையில் தொட்டுச் செய்யும் ஆசை இருந்தால் சி, சி பிளஸ் பிளஸ். அர்டுயினோ மாதிரியான சின்னப் பலகைகளுக்கு அந்த மொழிதான். இணையப் பக்கம் செய்ய ஆசை என்றால் ஜாவாஸ்கிரிப்ட். ஆண்ட்ராய்டு செயலி என்றால் காட்லின் அல்லது ஜாவா. பெரிய கணக்குப் பதிவுகளில் இருந்து வேண்டியதை எடுக்க எஸ்.க்யூ.எல். கல்லூரியில் ஏற்கெனவே ஒரு மொழி நடத்துகிறார்கள் என்றால், சந்தேகம் கேட்க ஆள் இருக்கிற அந்த மொழியே நல்லது.

அதற்குக் கீழே சிவப்பு மையில் ஒரு வரி: 'எதை எடுத்தாலும், ஒன்றைச் செய்து முடிக்கும் வரை மாற்றாதே.'

காரணம் இருக்கிறது. நிபந்தனை, லூப், ஃபங்ஷன் இவையெல்லாம் எல்லா மொழியிலும் உண்டு. எழுதும் விதம்தான் மாறும். ஒரு மாட்டைக் கறக்கப் பழகிய கை அடுத்த மாட்டுக்குச் சில நாளில் பழகிவிடும். பழகாத கைக்கு எந்த மாடும் உதைக்கும். உரக் கணக்கைத் தெருவில் எல்லோரும் போனிலேயே போட்டுக்கொள்ள வேண்டும் என்று தோன்றியபோது, மகள் ஜாவாஸ்கிரிப்டைத் திரும்ப எடுத்தாள். முன்பு நாலு பாடத்தோடு நின்றுபோன அதே மொழி. இந்தத் தடவை இரண்டு வாரத்தில் வேலை முடிந்தது. இப்போது என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். எப்படி எழுதுவது என்பதை மட்டும் கற்க வேண்டியிருந்தது.

முதல் மொழியைவிட முதல் கணக்கு முக்கியம் என்பதுதான் அந்த வீடு கண்டது. அந்தக் கணக்கு நம்முடையதாக இருக்க வேண்டும். விடை தப்பென்றால் 'தப்பு' என்று சொல்ல வீட்டிலேயே ஓர் ஆள் இருக்க வேண்டும். விவசாய வீட்டில் அப்படிப்பட்ட கணக்குக்குப் பஞ்சமில்லை. பால் கணக்கு, மோட்டார் ஓடிய மணி, கூலி பாக்கி, நெல் மூட்டைக்கு ஈரப்பதக் கழிவு. எல்லாமே ஒரு பிள்ளையின் முதல் புரோகிராம் ஆகலாம்.

இதனால் மகளுக்கு உடனே வேலை கிடைத்துவிடவில்லை. எம்.சி.ஏ. சேர 'டான்செட்' நுழைவுத் தேர்வு எழுதிவிட்டு, அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்குமா என்று காத்திருக்கிறாள். கிடைத்தால் படிப்பாள். கிடைக்காவிட்டால் அடுத்த வருஷம் மறுபடி எழுதுவதாகச் சொல்கிறாள். பாதியில் விட்டு அடுத்ததுக்குத் தாவும் பழக்கம் போய்விட்டது.

மாசி முதல் வாரத்தில் நெல்லுக்குப் பணம் ஏறியது. சங்கத்துக்குப் போய் அப்பா சங்கிலியை மீட்டு வந்தார். அம்மா அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, மகளிடம் கேட்டார்: "சங்கத்துல இந்த வருஷம் எத்தனை நாளுக்கு எவ்வளவு வட்டி போட்டாங்கன்னு ஒரு கணக்கு எழுதேன். சரியாத்தான் வாங்கினாங்களான்னு பார்ப்போம்."

மகள் லேப்டாப்பைத் திறந்து முதல் வரியை எழுதினாள். வட்டி என்று தமிழில்தான் எழுதினாள். அம்மாவும் படிக்க வேண்டுமே.